மலைநாட்டில் ஒரு மரக்கலம்

நமது சிங்கள அயலவர்கள் நம்மை அழைப்பதற்கு வைத்திருக்கும் பெயர்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று 'மரக்கல' என்பதாகும். மரக்கலத்தில் வந்த மனிதர் என்பது அதன் பொருள். 'ஹம்பயா' என்றும் ஒரு பெயருண்டு. அது 'சம்பான்' எனும் தோணிப் பெயரிலிருந்து பிறந்தது என்பார்கள். அம்பாந்தோட்டை என்ற ஊர்ப்பெயரும் அந்தச் சம்பானின் வழியாகவே வந்தது எனக் கருதுவோர் பலர். எப்படிப் பார்த்தாலும் நமது பெயருக்குள்ளே ஒரு வள்ளம் கிடக்கிறது. அக்குறணையிலும் மடவளையிலும் உடத்தலவின்னையிலும் பிறந்து, மிளகும் கராம்பும் காய வைத்து, கண்டி வீதிகளில் கடை வைத்து, கடலைக் காண்பதென்றால் ஒரு வேன் பிடித்துப் போக வேண்டிய மனிதர்களுக்கு இப்படியொரு பெயர்!

சிறுவயதில் இந்தச் சொல் என் காதில் ஏச்சாகவே விழுந்தது. சொல்லப்படும் தொனியும் சில வேளைகளில் அப்படித்தான் இருந்தது. ஒரு வள்ளத்தை எங்கள் வளவுக்குள்ளேயே வைத்துப் பழுதுபார்த்த நாட்களில்தான் இந்தச் சொல்லின் மற்றப் பக்கத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அந்த வேலையினூடே நான் தேடிப் படித்தவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

அது 'என்டர்பிரைஸ்' வகையைச் சேர்ந்த பாய்வள்ளம். இங்கிலாந்தில் ஜெக் ஹோல்ட் என்பவர் 1956ஆம் ஆண்டு வடிவமைத்த வகை அது. நீளம் பதின்மூன்று அடி மூன்று அங்குலம். இருவர் ஏறிச் செலுத்தலாம். நீல நிறப் பாய் இதன் அடையாளம். கொழும்புத் துறைமுகத்திலும் மொரட்டுவைப் பக்கம் பொல்கொட வாவியிலும் இவ்வகை வள்ளங்கள் ஓடியதுண்டு. விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் திகனைப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் விட்டுச் சென்றது என்று சொல்லித்தான் என் நாநா இதை ஒரு பங்களாவின் பழைய சாமான்களோடு வாங்கி வந்தார். அந்தக் கதை எவ்வளவு உண்மையோ! கட்டுகஸ்தோட்டையிலுள்ள எங்கள் வளவில் பலா மரத்தடியில் இருபது வருடத்துக்குக் கிட்டக் கவிழ்ந்து கிடந்தது. கோழிகள் அதன் கீழே முட்டையிட்டன. உம்மா அதன் மேல் மிளகு காய வைத்தார். பலாக்காய் ஒன்று விழுந்து அடிப்பக்கத்தில் ஒரு முழம் நீளத்துக்கு உடைந்தபோதும் யாரும் கவலைப்படவில்லை.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூதூரில் யுத்தம் மூண்டு முஸ்லிம்கள் கூட்டம் கூட்டமாகக் கந்தளாய்ப் பக்கம் நடந்து வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவ்வாறு வந்தவர்களில் ஓர் இளைஞர், எங்கள் தூரத்து உறவுக்குள் பெண் எடுத்தவர், சில மாதங்கள் எங்கள் வீட்டில் தங்கினார். சுனாமிக்குப் பின்னர் பைபர் வள்ளம் திருத்தும் வேலை பழகியவர். வந்த இரண்டாம் நாளே பலா மரத்தடிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாக் குத்தியை எடுத்து வள்ளத்தின் மேல் தட்டத் தொடங்கினார். 'டங்' என்று கூர்மையாகக் கேட்டால் நல்ல இடம், 'டப்' என்று செத்த ஓசை கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்ட இடம். அப்படித் தட்டித் தட்டி வெண்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். அரை மணித்தியாலத்தில் எங்கள் வள்ளம் பெரியம்மை கண்ட பிள்ளையைப் போலாகிவிட்டது. "வள்ளம் சாகல்ல காக்கா, ஈரம் குடிச்சிருக்கு. காய வெச்சா எழும்பும்" என்றார்.

அவர் மூதூர்க்காரர் என்பதில் ஒரு சரித்திரப் பொருத்தம் உண்டு. மூதூர் இருப்பது கொட்டியாரக் குடாக் கரையில். அந்தக் குடாவுக்கு ஒரு கப்பலைப் பழுதுபார்க்க வந்தவர்கள்தாம் கண்டி இராச்சியத்தைப் பற்றி வெளியுலகத்துக்கு மிக விரிவாகச் சொன்ன நூலுக்குக் காரணமானார்கள்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்துக்கு அப்பால் வீசிய புயலில் 'ஆன்' எனும் ஆங்கிலக் கப்பல் அகப்பட்டது. கப்பலைக் காப்பாற்ற அதன் பிரதான பாய்மரத்தையே வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. கொட்டியாரத்துக்குப் போய் ஒரு புதிய பாய்மரம் நட்டுக்கொண்டு, அதோடு கொஞ்சம் வியாபாரமும் பார்த்து வரும்படி சென்னைக் கோட்டையிலிருந்து கட்டளை வந்தது. கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ். அதே பெயருடைய அவருடைய மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது ஆகவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவர்களைக் கரையில் வைத்துப் பிடித்தார்கள். மரம் வெட்டக் கரையிறங்கிய வள்ளக்காரர்களும் அகப்பட்டார்கள். மொத்தம் பதினாறு பேர். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் மௌத்தானார். மகனோ 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் செல்லும்வரை பத்தொன்பது வருடங்களுக்கு மேல் மலைநாட்டிலேயே கிடந்தான். கண்டிக்கு அண்மையில் எலதெத்த எனும் கிராமத்தில் நிலம் வாங்கி, நெல் கடன் கொடுத்து, தொப்பி பின்னி விற்று வாழ்ந்தான். தொப்பி வியாபாரம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும். அவன் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

ஒரு பாய்மரம் சரிந்ததால் ஒரு நாட்டின் சரித்திரம் எழுதப்பட்டது. பழுதுபார்க்க வந்தவன் பழுது முடியாமலே இருபது வருடம் தங்கிப் போனான் என்று மூதூர் இளைஞரிடம் நான் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை. "நான் அவ்வளவு நாள் இருக்க மாட்டேன் காக்கா, ஊரு திறந்தா போயிருவேன்" என்றார். சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னர் தோன்றியது.

நொக்ஸின் நூலில் மகாவலி கங்கையைப் பற்றிய ஒரு குறிப்பு எனக்கு முக்கியமானது. கங்கை நெடுகக் கற்பாறைகளும் வீழ்ச்சிகளும் இருந்தபடியால் கப்பலோ பெரிய தோணியோ ஓட முடியாது. அதன்மேல் பாலமும் கிடையாது, பாலம் கட்ட மன்னன் விரும்பவுமில்லை. கடப்பதற்குச் சிறு வள்ளங்களே இருந்தன. அதாவது கண்டி இராச்சியத்துக்குக் கங்கை ஒரு வீதியல்ல, அகழி. மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ வரும் எவரும் தலைநகரை அடைய அதைக் கடந்தாக வேண்டும். கன்னொறுவ, ஹல்லொலுவ, கட்டுகஸ்தோட்டை, வத்தப்பொல என்று துறைகள் இருந்தன. துறையை வைத்திருப்பவன் நாட்டை வைத்திருந்தான்.

1803ஆம் ஆண்டில் இந்த உண்மை இரத்தத்தில் எழுதப்பட்டது. பிரித்தானியர் கண்டியைப் பிடித்து முத்துசாமி என்பவரைத் தங்கள் கைப்பொம்மை மன்னராக்கி, மேஜர் டேவியின் தலைமையில் ஒரு படையையும் நிறுத்திச் சென்றிருந்தார்கள். காய்ச்சலால் படை பாதியாகியது. ஜூன் 24ஆம் திகதி டேவி சரணடைந்து, திருகோணமலை போகும் எண்ணத்தோடு வத்தப்பொலத் துறைக்கு வந்தார். கங்கை பெருக்கெடுத்து ஓடியது. தெப்பம் கட்ட முயன்றார்கள். கயிறு எட்டவில்லை, நீரோட்டம் விடவில்லை. முத்துசாமியைத் தந்தால் கடக்க உதவுவோம் என்று மன்னன் தரப்பு சொல்லியது. தந்தார்கள். அவர் கொல்லப்பட்டார். பின்பு அந்தப் படையும் கொல்லப்பட்டது. டேவி கண்டியிலேயே கைதியாகக் கிடந்து மடிந்தார்.

அந்தப் படையில் மலாய் முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான நூருத்தீனை மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் தன் சேவையில் சேருமாறு அழைத்தான். மன்னனிடமும் ஒரு மலாய்ப் படை இருந்தது. நூருத்தீனின் சகோதரர் ஒருவரே அதில் இருந்து அந்த வருடத்துச் சண்டையில் இறந்திருந்தார். ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்த பின் இன்னொருவரிடம் சேர முடியாதென்று நூருத்தீன் மறுத்தார். கொலை செய்யப்பட்டார். ஓர் உடன்பிறப்பு மன்னனுக்காகவும் மற்றவர் மன்னனின் எதிரிக்காகவும் உயிர்விட்ட கதை இது. இரண்டு பேரும் பிறந்த ஊரோ எங்கோ கிழக்கிந்தியத் தீவுகளில். வத்தப்பொலவில் இன்று வீட்டுத் திட்டம் இருக்கிறது. டேவியின் மரம் என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். அந்த வழியே நான் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு நல்ல தெப்பம் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பதுண்டு.

மீண்டும் எங்கள் வளவுக்கு வருவோம்.

காய வைப்பதே பெரிய வேலையாயிற்று. பைபர்கிளாஸ் தண்ணீர் குடிக்காது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது குடிக்கும்; மெதுவாகக் குடிக்கும். மேலேயிருக்கும் வழவழப்பான பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே போய் றெசினுக்கும் கண்ணாடி நாருக்கும் இடையில் குந்திக்கொள்ளும். சிறு சிறு கொப்புளங்கள் தோன்றும். இதில் உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் கூடுதலாக ஊடுருவும் என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. கடலில் நாற்பது வருடம் கிடந்த வள்ளத்தை வாவியில் விட்டால் கொப்புளம் போடுவதுண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை கண்டியில் மழை குறைவு என்பதால் வேலையை அந்த மாதங்களுக்குத் தள்ளினோம். ஒரு பொலித்தீன் துண்டை வள்ளத்தின் மேல் நான்கு பக்கமும் ஒட்டி வைப்பார். அடுத்த நாள் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூன்று கிழமைகள் வியர்த்தது. நான்காம் கிழமை நின்றது.

உடைந்த இடத்தை அவர் முதலில் இன்னும் பெரிதாக உடைத்தார். நாநாவுக்கு நெஞ்சு பதறியது. வெள்ளையாகிப் பிரிந்துபோன நாரையெல்லாம் அரைத்து எடுத்து, ஓட்டையின் விளிம்பைச் சுற்றிவரச் சரிவாகத் தேய்த்தார். கணக்கு இதுதான்: தோலின் தடிப்பு ஒரு பங்கென்றால் சரிவின் அகலம் பன்னிரண்டு பங்கு. எங்கள் வள்ளத்தின் தோல் நான்கு மில்லிமீற்றர். ஆகவே சுற்றிவர இரண்டங்குலத்துக்குச் சற்றுக் குறையச் சரிவு. வெறுமனே ஓட்டையின் மேல் ஒட்டுப்போட்டால் அலை அடிக்க அடிக்க ஒட்டு விளிம்போடு கழன்றுவிடும். சரிவு இருந்தால் பழைய நாரின் சுமையைப் புதிய நார் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளும். ஒரு குடும்பத்துக்குப் புதிதாக வரும் மருமகளை இப்படித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உம்மா திண்ணையிலிருந்து சொன்னார். அவருக்கு எல்லாவற்றிலும் அந்தப் பேச்சுத்தான்.

பின்பு வெளிப்பக்கம் பொலித்தீன் சுற்றிய ஃபோமைக்காத் தகட்டை இறுக்கி வைத்து, உள்ளே இருந்து அடுக்கினார். சதுர மீற்றருக்கு நானூற்றைம்பது கிராம் கனமான கண்ணாடி நார்ப் பாய், அதை 'மெட்' என்கிறார்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தரும், ஆக நான்கடுக்கு. சிறியதை முதலிலும் பெரியதைப் பின்னரும் வைத்தார். மெட்டின் நிறையைப்போல இரண்டு மடங்குக்குமேல் றெசின் போகும். ஊறிய மெட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகும். காற்றுக் குமிழி இருந்தால் இரும்பு றோலரால் உருட்டி வெளியேற்ற வேண்டும். வாங்கி வந்த ஒரு கட்டு மெட்டை அவர் "தும்பு" என்றே சொன்னார். "அந்தத் தும்ப எடுங்க காக்கா" என்பார். முதலில் எனக்கு விளங்கவில்லை. தும்பென்றால் நமக்குத் தென்னந்தும்புதானே!

அந்தச் சொல்லில் ஓராயிரம் வருடக் கதை இருக்கிறது. இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து இலங்கை வந்து, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாதமலைக்குச் சென்ற செய்தி எல்லோரும் அறிந்தது. அவர் மாலைதீவைப் பற்றி எழுதும் பகுதியில் தென்னந்தும்பைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். மட்டையைக் குழியில் ஊற வைத்து, அடித்து, பெண்கள் திரித்த கயிற்றால் இந்தியாவினதும் யெமனினதும் கப்பல்களின் பலகைகளைத் தைப்பார்கள். ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்று காரணமும் தருகிறார். அவருக்கு 160 வருடங்களுக்கு முன்னர் செங்கடலைக் கடந்த இப்னு ஜுபைரும் ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த கலங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். ஹோர்முஸில் இத்தகைய கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோவுக்கு அவை சற்றும் பிடிக்கவில்லை. ஐரோப்பியக் கண்ணுக்கு ஆணியில்லாத கப்பல் அரைகுறைக் கப்பல்.

நமது கரையோர ஒறுவாவும் கரைவலைப் பாறுவும் இந்தத் தையல் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். குடைந்த மரத்தின்மேல் பக்கப் பலகைகளை வைத்துத் துளையிட்டு, தும்பை அடைத்து, கயிற்றால் இறுக்கித் தைப்பது. நமது முன்னோர் வந்திறங்கிய மரக்கலங்களும் பெரும்பாலும் இப்படித் தைக்கப்பட்டவையாகவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 'மரக்கல' என்ற பெயரில் மரம் மட்டுமல்ல, தும்பும் தையலும் இருக்கின்றன.

போர்த்துக்கேயர் வந்த பின் கடல் நம் கையை விட்டுப் போயிற்று. 1538இல் வேதாளையில் மரைக்காயர்களின் கடற்படையை அவர்கள் அழித்தார்கள். மாயாதுன்னைக்கு உதவியாக இலங்கைக்கு வரவிருந்த படை அது. 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டபோது கண்டி மன்னன் செனரத் தஞ்சமளித்தான். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார். மலைக்குள் வந்தவர்கள் மரக்கலத்தை விட்டுவிட்டுத் தவளம் பிடித்தார்கள். மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, பாக்கும் மிளகும் இறக்கிச் சென்றார்கள். மன்னனின் போக்குவரத்துத் திணைக்களமான 'மடிகே'யில் முஸ்லிம்களுக்கு இருந்த இடத்தைப் பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். நாலுகால் மரக்கலம் என்று மாட்டைச் சொல்லலாம். பெயர் மட்டும் மாறவில்லை.

தைத்த கப்பலைப் பழசென்று ஒதுக்கிய ஐரோப்பியரே பின்னொரு நாளில் அந்த முறைக்குத் திரும்பினார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்ணாடியை நாராக இழுத்து வியாபாரமாக்கிய ஓவன்ஸ் கோர்னிங் நிறுவனம் அமெரிக்காவில் 1938இல் அமைந்தது. பொலியெஸ்டர் றெசினும் அந்தப் பத்தாண்டிலேயே உருவாகியது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் றேடார் மூடிகளுக்கு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஒகாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ரே கிறீன் என்பவர் 1942இல் ஒரு சிறு பாய்வள்ளத்தைக் கண்ணாடி நாரில் செய்து பார்த்தார். போர் முடிந்தபின் இந்தத் தொழில் காட்டுத்தீ போலப் பரவிற்று. எங்கள் வள்ளத்தை வடிவமைத்த அதே ஜெக் ஹோல்ட், பரி பக்னல் என்பவரோடு சேர்ந்து 1962இல் 'மிரர்' எனும் மலிவு வள்ளத்தைக் கொண்டு வந்தார். ஒரு பத்திரிகை அதற்கு ஆதரவு கொடுத்தது. ஒட்டுப்பலகைகளில் ஓரமாகத் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி நார் நாடாவும் றெசினும் வைத்து ஒட்டும் முறை. தச்சு தெரியாதவனும் வீட்டுக் கராஜில் செய்யலாம். எழுபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டன. தும்புக்குப் பதில் செம்பு, குங்கிலியத்துக்குப் பதில் றெசின்; மற்றபடி துளையும் தையலும் அதேதான். ஹோல்ட் இப்னு பதூதாவைப் படித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை.

இலங்கையில் இந்தத் தொழில் ஆழ வேரூன்றிய இடங்களுள் காரைநகர் முக்கியமானது. நோர்வே மக்களின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம் அங்கு பைபர் வள்ளங்களைக் கட்டியது. 1980களின் போர்ச் சூழலில் அந்த வள்ளத்தளம் முடங்கிற்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. பின்பு நடந்ததை நாமெல்லோரும் பார்த்தோம். உதவி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு புது வள்ளம் கொடுத்தன. திருத்தியிருக்கக்கூடிய வள்ளங்கள் கரையில் கிடந்து வெயிலில் வெளுத்தன. புது வள்ளம் கொடுத்தால் பெயர்ப்பலகையோடு படம் எடுக்கலாம். பழைய வள்ளத்தின் ஓட்டையை அடைத்தால் என்ன படம்? புதிதாக வந்தவற்றிலும் சில மெல்லிய தோலோடு, அடுக்குக் குறைந்து, ஒரு பருவத்துக்குள் வெடித்தன. மூதூர் இளைஞர் தொழில் பழகியதே அப்படி வந்த புது வள்ளங்களைத் திருத்தித்தான். அவருடைய சொந்த வள்ளத்தை 2006இல் கரையில் விட்டு வந்தார்.

அவருக்கும் எங்கள் மலைக்குளிர் ஒரு பாடம் கற்பித்தது. றெசினைக் கட்டியாக்குவதற்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை ஹார்ட்னர் கலப்பார்கள். மூதூர் வெயிலில் பழகிய கை, குறைந்த அளவையே ஊற்றியது. அங்கே அரை மணித்தியாலத்துக்குள் இறுகிவிடும். கட்டுகஸ்தோட்டையின் ஜனவரிப் பின்னேரத்தில் மஃரிபுக்குப் பின்னும் பிசுபிசுத்தது. அடுத்த நாள் காலையிலும் விரல் ஒட்டியது. அந்த ஓர் அடுக்கை முழுதாகச் சுரண்டி எடுத்தார். மறுநாள் முதல் காலை பத்து மணிக்குப் பின் தொடங்கி மூன்று மணிக்குள் முடிப்பதென்று நேரம் வைத்துக்கொண்டார். ஹார்ட்னர் போத்தலையும் றெசினை விரைவுபடுத்தும் கோபால்ட் போத்தலையும் ஒரே தட்டில் வைக்க விடமாட்டார். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். நாநாவின் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அன்று இரவே கடையைத் திறந்து மாற்றி வைத்தார்.

மேல்தளம் வேறு விதமான வேலை. காலை வைத்தால் மெத்தை போல் அமுங்கியது. இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்திருந்தார்கள். பாய்க்கயிறு கட்டும் உருக்குப் பொருத்துகளின் திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, பலகை ஊறிய தேயிலைச் சக்கை போலாகிவிட்டது. மேல்தோலை மட்டும் அளவாக வெட்டி மூடியைப் போல எடுத்து, சக்கையைச் சுரண்டி, காய வைத்து, புதுப் பலகையை றெசினில் பதித்து, பழைய தோலையே திரும்ப வைத்துத் தைத்தார். 'தைத்தார்' என்று எழுதிவிட்டேன், ஒட்டினார். திருகாணிக்கு வேண்டியதைவிடப் பெரிய துளை போட்டு, அதை றெசினால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தார். இனித் தண்ணீர் வந்தாலும் பலகையைத் தொடாது. பேராதனையில் 1833இல் முதிரை மரத்தால் கட்டிய 205 அடி நீள ஒற்றை வளைவுப் பாலத்தில் ஆணியே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்களே, அதன் நுட்பம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மரத்துக்கு எதிரி தண்ணீர், தண்ணீருக்கு வாசல் ஆணித்துளை.

மார்ச் கடைசியில் லொறியில் ஏற்றி விக்டோரியா நீர்த்தேக்கக் கரைக்குக் கொண்டு போனோம். 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. கரையில் திலாப்பியா பிடிப்பவர்களின் சிறிய ஒறுவாக்கள் இருந்தன. அவையும் பைபர்தான், புறமிதவை வைத்த பழைய ஒறுவாவின் அதே வடிவம், தையல் மட்டும் இல்லை. எங்கள் நீலப் பாய் நைந்து போயிருந்தபடியால் வெள்ளைத் துணியில் ஒன்று தைப்பித்திருந்தோம். வள்ளத்தைத் தள்ளும்போது மீன்பிடிக்கும் கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, "மரக்கல மினிஸ்ஸு அந்திமட்ட மரக்கலயக் கெனாவா" என்றார். மரக்கல மனிதர்கள் கடைசியில் ஒரு மரக்கலத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள்! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சொல் அன்று எனக்கு வலிக்கவில்லை.

2018 மார்ச்சில் அதே திகனை, தெல்தெனியப் பகுதிகளில் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அதே சொல் வேறு வாய்களிலிருந்து வந்தது. 1915இல் கண்டி காசல் ஹில் வீதியில் தொடங்கிய கலவரத்திலும் அது ஒலித்திருக்கும். வள்ளம் அப்போது அந்தக் கிழவரின் கொட்டிலில்தான் இருந்தது. எதுவும் ஆகவில்லை. ஆறு நாட்களின் பின் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்து, வள்ளம் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் எல்லோரும் பத்திரமா என்று கேட்டார். நாநாவால் பதில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியை என்னிடம் தந்தார்.

மூதூர் இளைஞர் 2007இலேயே ஊர் திரும்பிவிட்டார். இப்போது அவருக்கென்று ஒரு வேலைத்தளம் இருக்கிறது. சென்ற வருடம் வள்ளத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நாநாவின் பேரன் பலா மரத்தடியில் ஒரு குத்தியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். இடது பக்க மேல்தளத்தில், நாங்கள் திருத்தாமல் விட்ட ஒரு பொருத்தைச் சுற்றி, உள்ளங்கையளவு இடத்தில் செத்த ஓசை கேட்டது. மூதூருக்குத் தொலைபேசி எடுத்தோம். "மழ முடிய வெட்டித் தொறந்து பாருங்க. அதுக்கு முந்தி பொலித்தீன் ஒட்டிப் பாக்க மறந்துராதீங்க" என்றார்.